வெண்கலம் சொன்னால் யார் நம்புவார்

காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். குரலுக்காக வந்த பெயர். தகரக் கூரைக்குக் கீழே நின்று அவர் வாயைத் திறந்தால், தெருமுனையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் வியாபாரி மிச்சத்தைக் கீழே ஊற்றிவிட்டு ஓடி வருவார்.

அந்தக் குரல் சொன்னதெல்லாம் உண்மையா என்பது வேறு விஷயம். நேற்று வந்த தக்காளியை இன்று விடியற்காலையில் பறித்தது என்பார். வதங்கிய முட்டைக்கோஸைப் பனியில் நனைந்தது, அதனால்தான் கைக்கு மெத்தென்று இருக்கிறது என்பார். வாங்குகிறவர்களுக்கு இது தெரியும். அவர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் விலை கேட்பார்கள். அவர்கள் பாதியைக் கழிப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும். அந்தப் பாதியைச் சேர்த்துத்தான் சொல்வார். இப்படி இரண்டு தரப்பும் பொய்யின் வழியாகவே நடந்து நியாயமான ஒரு விலைக்கு வந்து சேர்ந்தார்கள். யாரும் ஏமாறவில்லை. சொல்லப்போனால், உண்மை பேசுகிற பல இடங்களைவிட அங்கே நாணயம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

சிக்கல் என்னவென்றால், மனிதனுக்கு ஒரு வாய்தான் இருக்கிறது. சந்தைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள முடியாது. இதோ வந்துவிட்டேன் என்று அவர் போனில் சொன்னால், மனைவி அதற்குப் பிறகுதான் துணி துவைக்க உட்காருவார். பல்வலி என்று சொன்னால், எந்தப் பல் என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எந்தப் பல் என்று கேட்பார்.

இந்த நிலைமையில்தான் வெண்கலத்துக்கு ரத்த அழுத்தம் வந்தது.

சந்தையில் இலவச மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். பரிசோதனை செய்துகொண்டால் பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார்கள். பிஸ்கட்டுக்காகத்தான் வரிசையில் நின்றார். நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்தாள். பிறகு இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தாள். வேறொரு இயந்திரத்தைக் கொண்டுவரச் சொன்னாள். அதுவும் அதையேதான் சொன்னது. மேல் எண் இருநூறைத் தொட்டுக்கொண்டிருந்தது. சந்தையிலேயே அதுதான் பெரிய எண் என்று தெரிந்ததும் வெண்கலத்துக்கு முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பெரிய எண் ஜெயிக்கிற தொழிலில் அவர் முடி நரைத்தவர். எழுந்து நடக்கக் கூடாது என்று சொல்லி, வெங்காயம் தள்ளும் வண்டியில் வைத்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுதான் பெருமை போய்ப் பயம் வந்தது.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். இறங்கவில்லை. இன்னொன்று சேர்த்தார். அப்போதும் இறங்கவில்லை. சிறுநீர் போவதற்கென்று மூன்றாவதையும் சேர்த்தார். சிறுநீர் போனது, அழுத்தம் போகவில்லை. சிறுநீரகத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அது பாட்டுக்கு நன்றாக இருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. அது மூன்றாவது மாத்திரையால் வருவதுதான் என்று டாக்டர் அதற்கும் ஒரு மருந்து கொடுத்தார்.

டாக்டர் நடுவயதுப் பெண். அதிகம் பேச மாட்டார். வரும்போதெல்லாம் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? ஒரு வேளை தப்பியது கிடையாது டாக்டர் என்று வெண்கலம் சொல்வார். அது உண்மை. ஆனால் நேற்றைய தக்காளியை விற்கிற அதே குரலில் வந்தது. வேறு ஏதாவது மருந்து, வலி மாத்திரை, நாட்டு மருந்து? கிடையவே கிடையாது. வாயில் ஏதாவது போடும் பழக்கம்? புகையிலையைத் தலைமுழுகிப் பல வருஷம் ஆகிறது டாக்டர், வேண்டுமானால் பல்லைப் பாருங்கள் என்று காட்டுவார். அதுவும் உண்மை. புகையிலையை விடவைத்தது அவர் மனைவி. அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாது என்று அதிமதுரக் குச்சியை நறுக்கி, தினமும் காலையில் கைக்குட்டையோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்து அனுப்பியதும் அவர்தான். தொண்டைக்கும் நல்லது, வாய்க்கும் வேலை.

டாக்டர் கணினியில் ஏதோ தட்டுவார். அவர் என்ன தட்டுகிறார் என்று வெண்கலத்துக்குத் தெரியும். பாதியைக் கழிக்கிறார்.

வீட்டில் கழிப்பதற்கு இன்னொருவர் இருந்தார். மனைவியின் அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள், மாடி அறையில் இருந்துகொண்டு கீழே வந்து சாப்பிடுகிறவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்பது அவருடைய வாழ்நாள் பெருமை. வேலையை விட்டபிறகும் அந்தப் பார்வை அவரை விடவில்லை. தங்கை சமையலில் உப்பை நிறுத்தியதும் மிகவும் பாதிக்கப்பட்டவர் அவர்தான். நோயாளியாவது வெளியே போகிறார், வருகிறார். அண்ணனுக்கு மூன்று வேளையும் அந்தச் சாப்பாடுதான்.

"மாப்பிள்ளை மூஞ்சியப் பாத்தாலே தெரியுது தங்கச்சி," என்றார் ஒருநாள், உப்பில்லாத குழம்பைக் கரண்டியால் தள்ளிவிட்டபடி. "டிக்கெட் எடுக்கல."

மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, பிறகு கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிடுகிறார் என்பது அவருடைய கட்சி. பள்ளிப் பையன்கள் பஸ்ஸில் சில்லறையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு காசில்லை என்று கையை விரிப்பார்களாம். அதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லையாம். வெண்கலம் தன் தாய்மேல் ஆணையாக என்று ஆரம்பித்தார். அதே தாயின்மேல் போன வாரம் ஒரு பூசணிக்காய்க்காக ஆணையிட்டது நினைவுக்கு வரவே, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவருக்கு உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காலையில் எழுந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. ஏலம் விட வழக்கமாக ஏறி நிற்கும் தட்டுத் தராசு மேல் ஏறுவதற்குக்கூட முட்டியைக் கையால் தாங்க வேண்டியிருந்தது. பிடரியில் யாரோ கைவைத்து அமுக்குவது மாதிரி இருந்தது. சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று சொல்லாமல் இருந்தார். வாழ்நாளெல்லாம் பேசிச் சம்பாதித்தவருக்கு, ஒரு சின்ன உண்மையை வாங்க ஓர் ஆள் கிடைக்கவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டர் பட்டையை அவிழ்த்துவிட்டு வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் பேசினார். இவ்வளவு அழுத்தத்தை வைத்துக்கொண்டு தினமும் உயிரைக் கொடுத்துக் கத்தினால் தலைக்குள் ரத்தக்குழாய் வெடிக்கலாம்; ஒரு மாதம் பார்ப்போம்; இறங்காவிட்டால் ஏலம் விடுவதை நிறுத்திவிட வேண்டும். சொல்லிவிட்டு, வழக்கம்போல, மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள் என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் வெண்கலத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

மச்சான் மூலமாகச் செய்தி சந்தைக்குப் போனது. கமிஷன் மண்டி முதலாளி இளகிய மனசுக்காரர்தான்; ஆனால் எந்த நேரத்தில் இளக வேண்டும் என்று தெரிந்தவர். வெண்கலத்தைக் கூப்பிட்டு ஆறுதலாகப் பேசினார். பேசிக்கொண்டே மேசைக்கு அடியிலிருந்து புது ஒலிபெருக்கி ஒன்றை எடுத்துக் காட்டினார். மாதம் முடிந்தும் இறங்காவிட்டால் தன் தம்பி மகன் இதை வைத்துச் சமாளித்துக்கொள்வான், வெண்கலம் கல்லாப் பக்கம் நிழலில் உட்கார்ந்துகொள்ளலாம் என்றார்.

"இதுக்கு பிரஷர் வராது பாரு," என்றார், ஒலிபெருக்கியைத் தட்டிக் கொடுத்து.

அன்று வீட்டுக்கு வந்த வெண்கலம் சாப்பிடவில்லை. மனைவி அவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராக, நாளையிலிருந்து நானும் சந்தைக்கு வருகிறேன் என்றார். மாத்திரை உள்ளே போவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அது போனபிறகு வேறு என்ன போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஊறுகாயோ வறுவலோ எங்கேயோ நடக்கிறது, அதைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் காலை வேளை சிறைச்சாலை வேளையானது.

"வாயத் தொறங்க," என்பார் மனைவி. "நாக்கத் தூக்குங்க."

"கன்னத்தப் பாரு, கன்னத்தப் பாரு," என்று பின்னால் நின்று அண்ணன் குரல் கொடுப்பார்.

மனைவிக்கு அதற்குமேல் விரல் விட்டுப் பார்க்க மனம் வரவில்லை. நாக்கோடு விட்டுவிட்டார். அண்ணனுக்கு அது பெரிய குறை.

சந்தையில் மனைவி வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். கணவர் ஏலம் விடுவதை அவர் இத்தனை வருஷத்தில் பார்த்ததே இல்லை. முதல் நாளே திகைத்துப்போனார். ஒரு மனிதர் இவ்வளவு சத்தமாக, இவ்வளவு பேர் முன்னால், வாய் கூசாமல் இப்படியா பேசுவார்? விடியற்காலையில் பறித்த தக்காளி என்று அவர் முழங்கியபோது, அது நேற்று இருட்டுகிற நேரத்தில் வந்தது என்று அவரே வீட்டில் சொன்னது மனைவிக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"ஏங்க, அது நேத்து வந்ததுன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டார்.

கூரை அதிரச் சிரித்தார்கள். அடுத்த நாள் முதல் வியாபாரிகள் பாதியைக் கழிக்கும் வேலையை விட்டுவிட்டார்கள். வெண்கலம் சொல்லி முடித்ததும் எல்லாத் தலைகளும் மரப்பெட்டிப் பக்கம் திரும்பும். அந்த அம்மாள் தரையைப் பார்த்தால் விலை இறங்கும். சும்மா இருந்தால் ஏறும். நல்ல சரக்கு வந்த ஒருநாள், அவர் தன்னையறியாமல் தலையாட்டிவிட, முதலாளியே எதிர்பார்க்காத விலைக்குப் போனது. முதலாளி ஒலிபெருக்கியை மறந்துவிட்டு, அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

வெண்கலத்துக்கு மானம் போனது. ஆனால் உளவு பார்க்க வந்தவருக்கு ஒன்றும் அகப்படவில்லை என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது. ஊறுகாய் இல்லை. வறுவல் இல்லை. தேநீர்க்கடையில் தண்ணீர்தான் கேட்டார். பக்கத்துக் கடைக்காரர் உப்புக்கடலை நீட்டியபோது, தீயைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார். நாள் ஆக ஆக மனைவியின் முகத்தில் சந்தேகம் போய் வேறொன்று வந்தது. இந்த மனுஷர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். இதைக் கண்டுபிடித்ததில் அவருக்குச் சந்தோஷத்தைவிடக் கூச்சம் அதிகமாக இருந்தது. உப்பை எடுத்துவிட்டோமே, வாய்க்கு ஒரு ருசியாவது இருக்கட்டும் என்று காலையில் பையில் வைக்கிற குச்சியை இன்னும் ஒரு பிடி கூட்டினார். குரல் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்த வெண்கலம் அதையும் மிச்சம் வைக்காமல் மென்றார்.

மாதம் முடிந்து டாக்டரிடம் போனார்கள். டாக்டர் பட்டையைச் சுற்றினார். வெண்கலம் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் ஒரு தரம் என்றார். டாக்டர் கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் அமுக்கினார். ரெண்டு தரம். இன்னொரு கையில் சுற்றினார். மூணு தரம். கண்ணைத் திறந்து டாக்டரின் முகத்தைப் பார்த்தபோதே சரக்கு யாருக்குப் போனது என்று புரிந்துவிட்டது. எண் முன்னைவிட ஏறியிருந்தது.

"மாத்திரைய ஒழுங்காப் போடச் சொன்னேன்," என்றார் டாக்டர், திரையைப் பார்த்துக்கொண்டே.

வெண்கலம் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. என்ன சொன்னாலும் தக்காளியாகத்தான் கேட்கும் என்று தோன்றிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து நின்றார்.

"டாக்டரம்மா, அவர் பொய் சொல்லல. நான் சாட்சி."

அந்தச் சின்ன அறையில் வெண்கலத்துக்குத் தலை சுற்றியது. அது அழுத்தத்தால் அல்ல. தன்னைப் பற்றி இப்படி ஒரு வாக்கியத்தை யாராவது சொல்லி அவர் கேட்டதே இல்லை.

மனைவி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். மாத்திரை போட்டதும் நாக்கைத் தூக்கிப் பார்த்தது, சந்தையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது, மூன்று வேளையும் உப்பில்லாமல் சாப்பிட்டது, தேநீர்க் கடையில் தண்ணீர் குடித்தது, உப்புக்கடலையைக் கையால் தள்ளியது.

"அந்த வாய்க்குள்ள வேற ஒண்ணும் போகல. குச்சியத் தவிர ஒண்ணும் போகல," என்று முடித்தார்.

டாக்டர் திரையிலிருந்து திரும்பினார். "என்ன குச்சி?"

"அதிமதுரம். தொண்டைக்கு. நான்தான் நறுக்கிக் குடுப்பேன்."

வெண்கலம் உதவி செய்கிற எண்ணத்தில் சட்டைப் பைக்குள் கைவிட்டு எடுத்து மேசைமேல் வைத்தார். எடுக்க எடுக்க வந்துகொண்டிருந்தது. மாத்திரைச் சீட்டின் மேல் அது ஒரு சின்ன விறகுக் கட்டுப்போலக் கிடந்தது.

"இதெல்லாம் ஒரு நாளைக்கா?"

"சாயங்காலத்துக்குள்ள தீந்துடும்," என்றார் மனைவி, தன் கணவர் எதையும் வீணாக்காதவர் என்கிற தொனியில்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேனே?"

"இது மருந்து இல்லையே டாக்டர். குச்சி."

"வாயில போடுற பழக்கம் இருக்கான்னும் கேட்டேனே?"

"நீங்க கெட்ட பழக்கத்தத்தானே கேட்டீங்க?" என்றார் வெண்கலம். "இது நல்ல பழக்கம்."

டாக்டர் சிரிப்பாரோ என்று இருந்தது. சிரிக்கவில்லை. நிதானமாக விளக்கினார். அதிமதுரத்தை எப்போதாவது கொஞ்சம் மென்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இப்படி வருஷக்கணக்கில் அள்ளி மென்றால், உடம்பு உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். அழுத்தம் ஏறும், எந்த மாத்திரைக்கும் மசியாது.

"காலைல கெண்டைக்கால் இழுக்குதா?"

வெண்கலம் தலையாட்டினார். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

"அதுவும் இதனாலதான். மாத்திரையாலன்னு நான் நெனச்சுட்டேன்." அதைச் சொல்ல டாக்டர் தயங்கவில்லை. "நீங்க வெளிய உப்ப நிறுத்துனீங்க. உள்ள இருந்தத இது போகவிடல."

குச்சியை இன்றோடு விட வேண்டும். முழுக்க மாற வாரக்கணக்கில் ஆகும். அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். அதுவரை தாழ்ந்த குரலில் வேண்டுமானால் ஏலம் விடலாம், கத்தக் கூடாது. இறங்கிவிட்டது என்று மாத்திரையைத் தாமாகக் குறைக்கக் கூடாது. எப்போது குறைப்பது என்று நான் சொல்கிறேன் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வெண்கலம் மிதந்துகொண்டிருந்தார். தான் நிரபராதி. டாக்டர் வாயாலேயே தீர்ப்பு வந்தாயிற்று. மச்சானிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். முதலில் மெதுவாக ஆரம்பித்து, கெண்டைக்காலில் கொஞ்சம் ஏற்றி, கடைசியில் குச்சியைக் கொண்டுவந்து போட்டால் மச்சான் வாயடைத்துப் போவார். அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும் என்றுகூட முடிவு செய்தார். அப்போதுதான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

மனைவி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். மடியில் அந்தக் குச்சிக் கட்டு, கைக்குட்டையில் சுற்றியபடி.

"இத்தன வருஷமா," என்றார் மெதுவாக. "என் கையாலயே நறுக்கி நறுக்கி."

வெண்கலம் ஒத்திகையை நிறுத்திவிட்டார்.

"அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. முதலாளிகிட்டயும் சொல்லுங்க. உங்க பேரு சுத்தமாகட்டும்," என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குச்சியை விட்ட வாரங்கள் சுகமாக இல்லை. வாய் சும்மா இருக்க மறுத்தது. தொண்டை கரகரத்தது. வெண்கலம் தகரமாகிவிட்டது என்று வெங்காயக் கடைக்காரர் சொன்னார். முதலாளியின் தம்பி மகன் ஒலிபெருக்கியைத் துடைத்து வைத்துக்கொண்டு தினமும் பக்கத்தில் வந்து நின்றான். வெண்கலம் வெந்நீரைக் குடித்துக் குடித்துத் தாழ்ந்த குரலில் ஏலம் விட்டார். வியாபாரிகள் கேட்பதற்காக நெருங்கி வந்து நின்றார்கள். நெருங்கி வந்தவர்களுக்குச் சரக்கும் நன்றாகத் தெரிந்தது. எனவே பொய்யையும் கொஞ்சம் குறைக்க வேண்டியதாயிற்று. காலையில் கால் இழுப்பது எந்த நாளில் நின்றது என்று அவர் கவனிக்கவில்லை. ஒருநாள் தராசுத் தட்டின்மேல் கை ஊன்றாமல் ஏறிய பிறகுதான் கவனித்தார்.

அழுத்தம் அவசரப்படாமல் இறங்கியது. கடைசியில் டாக்டர் இரண்டு கையிலும் பார்த்துவிட்டு, ஒரு மாத்திரையை நிறுத்தி, ஏலத்தை நிறுத்த வேண்டாம் என்றார். ஆனால் இனியும் கத்தக் கூடாது, ஒலிபெருக்கி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முதலாளியின் தம்பி மகன் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டுக் கல்லாப் பக்கம் நிழலுக்குப் போனான்.

அன்று சாப்பிடும் நேரத்தில் மச்சான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விஷயத்தைக் கையில் எடுத்தார்.

"அது எப்பிடி மாப்பிள்ள, இத்தன நாள் அசையாதது திடீர்னு எறங்குது?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த பேச்சு அத்தனையும் வெண்கலத்தின் நாக்கு நுனியில் இருந்தது. கெண்டைக்கால் முதல் குச்சி வரை, நடுவில் விட வேண்டிய இடைவெளி உட்பட. ஒலிபெருக்கி இல்லாமலே தெருமுனை வரை கேட்கும்படி சொல்லலாம். எல்லாம் உண்மை, ஒரு பைசா கழிக்க முடியாத உண்மை. அவர் அடுப்படிப் பக்கம் பார்த்தார். கதவு நிலையில் ஒரு கை தெரிந்தது. அசையவில்லை.

"அது ஒண்ணுமில்ல மச்சான்," என்றார். "நான் மாத்திரைய ஒழுங்காப் போடல. கன்னத்துல ஒதுக்கி வெச்சுத் துப்பிட்டிருந்தேன். இப்பத்தான் முழுங்குறேன்."

மச்சான் தொடையில் தட்டிக்கொண்டார். அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. நாக்கைப் பார்த்தால் போதாது, கன்னத்தைப் பார் என்று அன்றைக்கே சொன்னேனா இல்லையா என்று கேட்டார். தானே பதில் சொல்லிக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு நேராகச் சந்தைக்குப் போய் முதலாளியிடமும் வெங்காயக் கடைக்காரரிடமும் சொன்னார். யாரும் ஆச்சரியப்படவில்லை. பாதியைக் கழிக்கவும் இல்லை. வெண்கலம் தன் வாழ்நாளில் விற்ற சரக்குகளில் கேட்ட விலைக்கு அப்படியே போனது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் மனைவி மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றார். இனி வாயைச் சோதிக்கத் தேவை இல்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனால் பின்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார், மூக்குக்கண்ணாடியோடு.

"வாயத் தொறங்க," என்றார் மனைவி.

வெண்கலம் விழுங்கிவிட்டு வாயைத் திறந்தார்.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினார்.

"கன்னம், கன்னம்," என்றார் அண்ணன்.

மனைவி விரலை அவர் கன்னத்தில் வைத்தார், உள்ளே அல்ல, வெளியே. அது தேவையான நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அங்கே இருந்தது. வாயைத் திறந்துகொண்டிருந்ததால் வெண்கலத்தால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அண்ணன் தங்கையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, திருப்தியோடு கண்ணாடியைக் கழற்றினார்.

"ம். இப்பத்தான் டிக்கெட் எடுத்திருக்காரு."